நாய்களுக்கு உண்டாகும் குடலிறக்கம்

வாயில்லாப் பிராணி என்று நாயைக் குறிப்பிடுகிறோம். உண்மையில் நாய்க்கு வாய் இல்லாமல் இல்லை. அது குரைக்கிறது, முனகுகிறது, ஊளையிடுகிறது. ஆயினும், ‘இந்த இடத்தில் எனக்கு நோகிறது, நேற்று மாலையிலிருந்து நோகிறது’ என்று எடுத்துரைக்கும் வாய் அதற்கு இல்லை. அந்த வாயாக இருக்க வேண்டியவர் அதனை வளர்ப்பவரே. மாணவ நண்பர்களாகிய உங்களுள் பலர் வீட்டில் நாய் வளர்ப்பீர்கள். பெரியவர்கள் சோறு வைப்பதோடு நின்றுவிட, அதனைத் தடவிக் கொடுப்பவர்களும் அதனோடு ஓடியாடுபவர்களும் நீங்களே. ஆதலின், அதன் உடலில் தோன்றும் மாறுதலை முதலில் காணும் வாய்ப்பும் உங்களுக்கே மிகுதி. அத்தகைய மாறுதல்களுள் ஒன்றாகிய குடலிறக்கத்தைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

கால்நடை மருத்துவனாகிய நான் என் பணிக்காலத்தில் கண்ட ஒரு நிகழ்ச்சியை முதலில் கூறுகிறேன். ஒரே தெருவில் வாழ்ந்த இரண்டு வீட்டார், ஒரு தாய் ஈன்ற குட்டிகளுள் இரண்டினை எடுத்து வளர்த்தனர். இரண்டிற்கும் தொப்புளில் நெல்லிக்காய் அளவு புடைப்பு இருந்தது. தடுப்பூசி போடுவதற்காகக் குட்டிகளைக் கொண்டு வந்தபோது அதனைச் சுட்டிக் காட்டினேன். “ஆறு மாதம் நிறையும் வரை பார்ப்போம். அதற்குள் தானே மூடாவிட்டால் தைத்து மூடிவிடலாம். இடையில் அது கல்லைப் போல் இறுகுமானால் அந்த நேரமே கொண்டு வாருங்கள்” என்று இரு வீட்டாரிடமும் கூறினேன். முதல் வீட்டிலிருந்து வந்த பெண் ஒன்பதாம் வகுப்பு மாணவி. “இறுகுவது என்றால் எப்படி இருக்கும், ஐயா?” என்று கேட்டாள். அவள் விரலைப் பிடித்து அந்தப் புடைப்பின் மேல் வைத்து, அது உள்ளே போவதையும், உள்ளே போன பின் தட்டுப்படும் சிறு வளையத்தையும் உணரச் செய்தேன். இரண்டாம் வீட்டார் கேள்வி கேட்கவில்லை. நானும் சொல்லோடு நின்றுவிட்டேன்.

ஐந்தாம் மாதத்தில் இரண்டு குட்டிகளுக்கும், சில நாள் இடைவெளியில், ஒரே இடர் நேர்ந்தது. அதன் முடிவு என்னவாயிற்று என்பதைப் பின்னர்ச் சொல்லுகிறேன். அதற்கு முன், குடலிறக்கம் என்பது யாது என்பதைத் தெரிந்துகொள்வோம்.

காற்றடைத்த தோற்பந்தை நீங்கள் அறிவீர்கள். வெளியே தடித்த தோலுறை; உள்ளே மெல்லிய ரப்பர்ப் பை. தோலுறையில் ஓரிடத்தில் தையல் விட்டுப்போனால் என்ன நிகழ்கிறது? உள்ளே உள்ள ரப்பர்ப் பை அந்த இடைவெளி வழியே குமிழாகப் பிதுங்கி நிற்கிறது. குடலிறக்கமும் இத்தகையதே. வயிற்றைச் சுற்றி வலிய தசைச் சுவர் ஒன்று உள்ளது. அதன் உட்புறத்தை மெல்லிய சவ்வு ஒன்று போர்த்தியிருக்கிறது. தசைச் சுவரில் ஓரிடத்தில் வழி ஏற்பட்டால், வயிற்றினுள் இருக்க வேண்டிய உறுப்பு அந்த மெல்லிய சவ்வையும் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, தோலுக்கு அடியில் புடைத்து நிற்கும். ஆகவே எந்தக் குடலிறக்கத்திலும் நாம் அறிய வேண்டியவை பெரும்பாலும் மூன்று: வழியாக அமைந்த வளையம், பிதுங்கிய பை, அந்தப் பைக்குள் இருக்கும் பொருள்.

குடலிறக்கம் என்னும் பெயரும் நம்மைச் சிறிது ஏமாற்றக் கூடியது. வெளியே வருவது எப்போதும் குடலாகவே இருப்பதில்லை; வெறுங் கொழுப்பாக இருக்கலாம்; சிறுநீர்ப்பையாகவோ கருப்பையாகவோ இருக்கலாம். அஃது எப்போதும் இறங்குவதும் இல்லை. வயிற்றிலிருந்து மார்புக்குள் ஏறுவதும் உண்டு. இறக்கம் என்று பெயரிட்டிருந்தாலும் சில வேளைகளில் அஃது ஏற்றமே. எனினும் வழக்கில் நிலைத்துவிட்ட பெயர் ஆதலின் நாமும் அதனையே வழங்குவோம்.

குட்டிகளிடம் மிகுதியாகக் காணப்படுவது தொப்புள் குடலிறக்கம். தாயின் வயிற்றில் குட்டி ஏறத்தாழ 63 நாள் வளர்கிறது. அந்த நாள்களில் அதற்கு ஊட்டம் கொண்டு செல்லும் தொப்புள் கொடி, வயிற்றுச் சுவரில் உள்ள ஒரு வளையத்தின் வழியே உட்செல்கிறது. குட்டி பிறந்து, தாய் அந்தக் கொடியைக் கடித்துத் துண்டித்த பின்னர், வளையத்திற்கு வேலை இல்லை; அது சுருங்கி மூடிக்கொள்ள வேண்டும். சில குட்டிகளுக்கு அவ்வாறு மூடுவதில்லை. தாய் கொடியை இழுத்துக் கடித்ததால்தான் இது நேர்ந்தது என்று பலர் எண்ணுவர். பெரும்பாலான குட்டிகளுக்கு இது பரம்பரையாக வரும் குறையே. தாயின் பல்லைக் குறை கூறுவதற்கில்லை.

இதனைக் கண்டறிவதற்குக் கருவி எதுவும் வேண்டுவதில்லை. கண்ணும் ஒரு விரலும் போதும். குட்டியை முதலில் நான்கு காலில் நிற்கச் செய்து பாருங்கள். நாயின் வயிற்றில் உள்ள உறுப்புகளின் பாரம் கீழ்நோக்கி அமைவதால், நிற்கும்போது புடைப்பு நன்கு தெரியும். பிறகு மடியில் மல்லாக்கப் படுக்க வைத்துத் தடவிக் கொடுங்கள். பல குட்டிகளுக்குப் புடைப்பு தானே உள்ளடங்கிவிடும். அடங்காவிடில், கையைக் கழுவிக்கொண்டு, விரல் நுனியால் மெல்ல அழுத்திப் பாருங்கள். புடைப்பு மென்மையாக இருந்து, உள்ளே சென்று, குட்டி வலியால் கத்தாமல் இருந்தால், அது திரும்பிச் செல்லும் குடலிறக்கம். இந்நிலையில் உடனடி ஆபத்து இல்லை. புடைப்பு அடங்கிய இடத்தில் வளையத்தின் விளிம்பு விரலுக்குத் தட்டுப்படும். அதன் அகலத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த அகலமே அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை முடிவு செய்ய உதவுகிறது. விரல் நுனி நுழையாத அளவு சிறிய வளையமாயின், அதில் பெரும்பாலும் சிறிது கொழுப்பே சிக்கியிருக்கும். குடல் நுழைய இடம் இல்லை. இத்தகையவற்றுள் பல, குட்டிக்கு ஆறு மாதம் நிறைவதற்குள் தாமே மூடிக்கொள்ளும். விரல் நுழையும் அளவு வளையமாயின் கவனம் வேண்டும். குடலின் ஒரு மடிப்பு உள்ளே நுழைவதற்கு அங்கு இடம் உண்டு. நுழைந்த மடிப்பு வீங்கினால் திரும்புவதற்கு இடம் இராது. இங்கே ஒரு விந்தையையும் கவனிக்க வேண்டும். மிகப் பெரிய வாயுள்ள குடலிறக்கத்தில் குடல் தடையின்றிப் போய்வரும். இடைத்தரமான வாயுள்ளதில்தான் குடல் சிக்கிக்கொள்ளும் அச்சம் மிகுதி. புடைப்பு சிறிது என்று எண்ணி அலட்சியம் செய்வது தவறு என்பதற்கு இதுவே காரணம்.

நம் ஊர்களில் கைக்குழந்தையின் தொப்புள் பிதுங்கியிருந்தால் காசை வைத்துத் துணியால் கட்டும் வழக்கம் உண்டு. அதே முறையை நாய்க்குட்டிக்கும் செய்பவர்களைக் கண்டிருக்கிறேன். கட்டு வளையத்தை மூடுவதில்லை. இறுகக் கட்டினால் தோல் புண்ணாகும். அதனினும் தீமையாக, உள்ளே நிகழும் மாறுதலைக் கட்டு நம் கண்ணுக்கு மறைத்துவிடும். ஆகவே அதனைக் கைவிடுதல் நலம்.

இனி ஆபத்தான நிலையைக் கூறுகிறேன். வளையத்தின் வழியே வெளிவந்த குடல் திரும்ப முடியாமல் சிக்கிக்கொள்வது முதற்படி. சிக்கிய குடலின் இரத்தக் குழாய்கள் நெரிபடுவது இரண்டாம் படி. முதலில் இரத்தம் வெளியேற முடியாமல் தேங்கிக் குடல் வீங்குகிறது. வீங்க வீங்க நெரிசல் மிகுகிறது. பின்னர் இரத்தம் உட்செல்வதும் நின்றுவிடுகிறது. இரத்தம் பெறாத குடல் சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கும். இதன் அடையாளங்களை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். நேற்று வரை மென்மையாக இருந்த புடைப்பு இறுகிவிடும். அழுத்தினால் உள்ளே போகாது. தொட்டால் சூடாக இருக்கும். தோல் சிவந்தோ கருநீலமாகவோ தோன்றும். தொட்டவுடன் குட்டி கத்தும். இவற்றோடு வாந்தி, உணவு மறுத்தல், முதுகைக் கூனிக்கொண்டு நிற்றல், ஒரு மூலையில் சோர்ந்து படுத்தல் ஆகியவையும் சேரும். இவை தோன்றினால் நாள் கணக்குப் பார்க்கக் கூடாது. நாழிகைக் கணக்குப் பார்க்க வேண்டும்.

இப்போது அந்த இரண்டு குட்டிகளின் கதைக்குத் திரும்புவோம். முதல் வீட்டு மாணவி ஒரு நாள் மாலை பள்ளியிலிருந்து வந்து குட்டியைத் தூக்கியபோது, அவள் விரலுக்குப் பழகிய வளையம் தட்டுப்படவில்லை. கல் போன்ற ஒன்றே தட்டுப்பட்டது. குட்டி ஒரு முறை வாந்தி எடுத்திருந்தது. அவள் தந்தை இரவோடிரவாகக் குட்டியை எடுத்து வந்தார். திறந்து பார்த்தபோது குடல் கருஞ்சிவப்பாக இருந்தது. வளையத்தைச் சிறிது அகலமாக்கி நெரிசலை நீக்கி, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த தூய துணியால் மூடிக் காத்திருந்தோம். சற்று நேரத்தில் அதன் நிறம் இளஞ்சிவப்பாகத் திரும்பியது, அசைவும் தோன்றியது. குடலை உள்ளே அனுப்பி வளையத்தைத் தைத்தோம். குட்டி பிழைத்தது.

இரண்டாம் வீட்டுக் குட்டிக்கும் அவ்வாறே புடைப்பு இறுகியது. அவர்கள் அதனைச் சூட்டுக் கட்டி என்று எண்ணினார்கள். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பற்றுப் போட்டு, கட்டி பழுத்து உடையட்டும் என்று காத்திருந்தார்கள். மூன்றாம் நாள் கொண்டு வந்தபோது குடலின் அந்தப் பகுதி கறுத்து அழுகியிருந்தது. அழுகிய பகுதியை வெட்டியெடுத்து இரு முனைகளையும் இணைத்துப் பார்த்தோம். எனினும் நஞ்சு உடலெங்கும் பரவியிருந்தது. மறுநாள் இரவு குட்டி இறந்தது. அவ்வீட்டாருக்கு அன்பு குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. இரண்டு இரவு உறங்காமல் பற்று மாற்றியவர்கள் அவர்கள். அவர்கள் அறியாதது ஒன்றே. அதனை அவர்கள் விரலுக்கு நான் அறிவித்திருக்க வேண்டும். அன்று முதல், குடலிறக்கம் உள்ள குட்டியைக் கொண்டுவரும் எவரையும் தொட்டுப் பார்க்கச் செய்யாமல் நான் அனுப்புவதில்லை.

தொப்புளன்றி வேறு மூன்று இடங்களிலும் நாய்களுக்குக் குடலிறக்கம் உண்டாகிறது. அவற்றுள் முதலாவது தொடையிடுக்கு. இஃது ஆண் குட்டிகளுக்கும் வருவதுண்டு; எனினும் நடுத்தர வயதுள்ள, கருத்தடை செய்யப்படாத பெட்டை நாய்களிடமே கருதத் தக்கது. பின்தொடையின் உட்புறம், கடைசிக் காம்பின் அருகே, இது புடைத்துத் தோன்றுவதால், பால்மடியில் உண்டான கட்டி என்று மயங்குவதற்கு இடமுண்டு. அந்தப் பைக்குள் கருப்பையே இறங்கியிருக்கலாம். அந்நாய் சினையுற்றால் குட்டி அந்தப் பைக்குள்ளேயே வளரத் தொடங்கும். தாய்க்கும் குட்டிக்கும் அது கேடு. எனவே தொடையிடுக்கில் தோன்றும் புடைப்பை, தானே மூடும் என்று காத்திராமல், விரைவில் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இரண்டாவது எருவாயின் பக்கம். இது பெரும்பாலும் விதை நீக்கம் செய்யப்படாத, வயது முதிர்ந்த ஆண் நாய்களுக்கு வருவது. இடுப்பெலும்புக் கூட்டின் பின்வாயிலை மூடி நிற்கும் தசைகள் தளர்வதே இதன் காரணம். நாய் மலங்கழிக்க நெடுநேரம் முக்கும். எருவாயின் ஒரு பக்கத்திலோ இரு பக்கங்களிலுமோ வீக்கம் தோன்றும். மலச்சிக்கல் என்று எண்ணி நாள் கடத்துவோர் பலர். சிறுநீர்ப்பை மடிந்து அந்த வீக்கத்திற்குள் சென்றுவிட்டால் சிறுநீர் வெளிவராது. நாய் பல முறை முயன்றும் சிறுநீர் வரவில்லை என்றால் அதுவும் நாழிகைக் கணக்கில் பார்க்க வேண்டிய ஆபத்தே. இதற்குத் தசைகளை இணைத்துத் தைப்பதோடு விதை நீக்கமும் செய்வது வழக்கம். செய்யாவிடில் நோய் மீண்டும் தலைகாட்டக் கூடும்.

மூன்றாவது கண்ணுக்குத் தெரியாத குடலிறக்கம். மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் குவிந்த தசைத்திரைக்கு உதரவிதானம் என்று பெயர். வண்டி மோதியோ, மாடியிலிருந்து விழுந்தோ வயிற்றில் பேரழுத்தம் உண்டாகும்போது அந்தத் திரை கிழியலாம். அப்போது கல்லீரலும் குடலும் மார்புக்குள் ஏறி, நுரையீரல் விரிவதற்கு இடமில்லாமல் செய்யும். வெளியே ஒரு கீறலும் இராது. நாய் விரைந்து மூச்சு வாங்கும். படுக்க மறுத்து முழங்கையை அகற்றி உட்கார்ந்தே இருக்கும். ஈறு வெளுத்தோ நீலம் பாரித்தோ தோன்றும். சில நாய்கள் அன்று நன்றாக இருப்பதுபோல் தோன்றி, வாரங்கள் சென்ற பின் நலியும். ரான்ட்ஜன் 1895-ஆம் ஆண்டில் கண்டுபிடித்த எக்ஸ் கதிர் இங்கே பேருதவி செய்கிறது. மார்புக்குள் குடல் கிடப்பதை அந்தப் படம் காட்டிவிடும். வண்டியில் அடிபட்ட நாய் எழுந்து நடக்கிறதே என்று மகிழ்ந்துவிடாமல், அதன் மூச்சைக் கவனியுங்கள். தூக்கும்போது வயிற்றை அழுத்தாமல், பலகையிலோ விரித்த துணியிலோ கிடத்தி, தலைப்பக்கம் சற்று உயர்ந்திருக்குமாறு கொண்டு செல்லுங்கள்.

உடலில் தோன்றும் புடைப்பெல்லாம் குடலிறக்கம் ஆகாது. சீழ்க்கட்டி உண்டு, கொழுப்புக் கட்டி உண்டு, புற்றுக் கட்டியும் உண்டு. உள்ளே போகும் புடைப்பு குடலிறக்கம் என்று துணியலாம். ஆனால் உள்ளே போகாத புடைப்பு குடலிறக்கம் அன்று என்று துணிய முடியாது. அது சிக்கிக்கொண்ட குடலாகவும் இருக்கக் கூடும். எனவே எந்தப் புடைப்பையும் வீட்டில் பிளேடாலோ ஊசியாலோ கீறக் கூடாது. சீழ் என்று எண்ணிக் கீறிய கை குடலைக் கீறிவிட்டால், அந்த உயிரை மீட்பது மிக அரிது. இறுகிய புடைப்பை வலிந்து உள்ளே தள்ளவும் கூடாது. மருத்துவரிடம் செல்லும் வரை உணவு கொடுக்காதீர்கள். மயக்க மருந்து கொடுக்கும்போது வயிறு நிறைந்திருப்பது தீது. மனிதர் உண்ணும் வலி மாத்திரைகளை ஒருபோதும் நாய்க்குக் கொடாதீர்கள். அவற்றுள் சில அதற்கு நஞ்சாகும்.

குடலிறக்கத்தை மருந்தால் கரைக்க முடியாது. தானே மூடாத வளையத்தை மூடுவதற்கு அறுவைச் சிகிச்சை ஒன்றே வழி. நெரிசல் இல்லாத காலத்தில், நாமே நாள் குறித்துச் செய்யும்போது, அது பெரும்பாலும் எளிய சிகிச்சை. குட்டிக்குக் கருத்தடை செய்யும் அன்றே தொப்புளையும் தைத்துவிடுவது உண்டு. ஒரே மயக்கத்தில் இரண்டு வேலையும் முடிந்துவிடும். வளையத்தின் விளிம்புகள் சேராத அளவு இடைவெளி பெரிதாயின், மெல்லிய செயற்கை வலையை வைத்துத் தைப்பர். தோலில் இட்ட தையலை 10 முதல் 14 நாளில் நீக்குவர். அதுவரை காப்பது உங்கள் பொறுப்பு. நாய் தையலை நக்கியும் கடித்தும் பிரிக்காதபடி, புனல் போன்ற கழுத்து வளையத்தை மாட்டி வைக்க வேண்டும். குளிப்பாட்டக் கூடாது. குதிக்கவும் படியேறவும் விடாமல், கயிற்றில் பிடித்துச் சிறிது தூரம் நடத்தினால் போதும். தையல் இடத்தில் வீக்கமோ கசிவோ கண்டால் உடனே காட்ட வேண்டும்.

இந்தச் சிகிச்சைக்கு வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ஆம் ஆண்டில் தொடங்கப் பெற்றது. கால்நடை மருத்துவத்திற்கென்றே ஒரு பல்கலைக்கழகம் 1989-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் நிறுவப்பட்டது. மாவட்டந்தோறும் கால்நடை மருத்துவமனைகள் உள்ளன. தேவைப்படுவது காலத்தில் கொண்டு செல்லும் கால்களே.

இறுதியாக, நாய்க்குட்டி வளர்ப்போரும் விற்போரும் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தொப்புள் குடலிறக்கம் பெரும்பாலும் பரம்பரைக் குறை என்றேன். வளையத்தைத் தைத்து மூடலாம். குருதி வழியில் வரும் குறையைத் தைக்க முடியாது. ஆகவே குடலிறக்கத்தோடு பிறந்த நாயை, சிகிச்சைக்குப் பின் அது எவ்வளவு அழகாகவும் வலிமையாகவும் விளங்கினாலும், இனப்பெருக்கத்திற்குப் பயன்படுத்துதல் கூடாது. இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை போன்ற நம் நாட்டு இனங்களைப் பேணுவோர் இதில் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும். இராசபாளையம் நாயின் படத்தை 2005-ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை அஞ்சல்தலையில் பொறித்துச் சிறப்பித்தது. அச்சிறப்பு நிலைக்க வேண்டுமானால், குறையுள்ள குட்டியின் குறையை மறைத்து விற்காமல், வாங்குவோரிடம் காட்டிச் சொல்லும் நேர்மை வேண்டும்.

மாணவ நண்பர்களே, இன்று மாலை உங்கள் வீட்டு நாய் உங்கள் முன் புரண்டு வயிற்றைக் காட்டும். தன்னைக் காப்பவரிடம் அது காட்டும் நம்பிக்கை அது. அப்போது வெறுமே தடவிவிட்டு எழுந்துவிடாதீர்கள். தொப்புளையும் தொடையிடுக்கையும் ஒரு முறை விரலால் பாருங்கள். இன்று அங்கு ஒன்றும் இல்லை என்று அறிந்துகொண்டால், என்றேனும் ஒரு நாள் ஏதேனும் தோன்றும்போது, அது புதியது என்று உங்கள் விரல் சொல்லிவிடும்.